பழைய கச்சேரிகளைச் சத்தமாக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒலிப்பதிவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பாட்டைக் கெடுத்தது எம்பி3 தான் என்று முடித்துவிட்டது. ஸ்பூல் (பெரிய சுருள் டேப்), கேசட்டுகளில் இருக்கும் பழைய கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைக் கணினிக்கு மாற்றிவைக்கிற வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். என் அனுபவத்தில் எம்பி3 செய்த கெடுதல் கொஞ்சம்தான். மாற்றும்போது மனிதர்கள் செய்கிற கெடுதலே அதிகம்.

எம்பி3-இல் குறை இல்லாமல் இல்லை. சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. அதை எம்பி3 ஆக 128-க்குச் சுருக்கினால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பலத்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலி காதில் விழாது என்பதை வைத்துக் கழிக்கிறார்கள். 128-இல் இந்தக் கழிவு தெரியத்தான் செய்கிறது. தம்புராவின் கார்வையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சலனம் வரும். மிருதங்கத்தில் சாப்பு என்ற அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே அதன் மங்கலான சாயல் கேட்கும். ஆனால் 256, 320 என்று வைத்துவிட்டால், எது சிடி எது எம்பி3 என்று சொல்லாமல் போட்டுக்காட்டும்போது நல்ல கேள்விஞானம் உள்ளவர்களே பெரும்பாலும் திணறுகிறார்கள்.

கட்டுரை தொடாத விஷயம் வேகம். 78 சுற்று இசைத்தட்டு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. கேசட்டிலோ பதிவு செய்த டெக் ஒரு வேகம், இன்று ஓட்டுகிற டெக் ஒரு வேகம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாக ஆகிறது. குரல் மெலிகிறது, காலப்பிரமாணம், அதாவது பாட்டின் நடை, ஓடுகிறது, நிதானமாக அசைந்த கமகம் (ஸ்வரத்தின் அசைவு) நடுக்கமாகிறது. இப்படி மாறிப்போன பிரதிகளைக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்து வித்வான்கள் எல்லாரும் எட்டாத சுருதியில்தான் பாடினார்கள் என்று மேடையிலேயே பேசுகிறார்கள். மாணவர்கள் அதை நம்பித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதையும் பார்க்கிறேன்.

இதைச் சரிபார்க்க வழி உண்டு. பல பதிவுகளில் பாட்டோடு சேர்ந்து மின்சாரத்தின் ரீங்காரமும் பதிந்திருக்கும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். மின்வாரியத்தின் ஏற்ற இறக்கத்தில் சற்று முன்பின்னாக இருக்கலாம். ஆனால் கணினித் திரையில் அந்தக் கோடு 53-இல் நின்றால் டேப் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அரை மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யாமல் எத்தனையோ கச்சேரிகள் வெளியாகிவிட்டன.

அடுத்தது இரைச்சல் நீக்கம். தம்புரா இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதால், மென்பொருளைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அது தம்புராவையும் இரைச்சல் என்று எடுத்து வழித்துவிடும். ஆதார சுருதி இல்லாமல் பாடகர் தனியே அந்தரத்தில் நிற்பார்.

எல்லாவற்றையும்விட எனக்கு வேதனை தருவது, சத்தத்தைத் தூக்கி ஒரே மட்டமாக்குவது. ஒரு நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட கச்சேரி ஒன்றின் கேசட் பிரதி என்னிடமும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினேன். கேசட்டில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் விரல்நுனி வாசிப்பில் தொடங்கி, கடம் மெதுவாகச் சேர்ந்து, முடிவில் வரும் மோரா கோர்வை என்ற தாளக்கோப்புக்கு வரும்போது சபையே நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. புதிய வெளியீட்டில் முதல் சொல்லும் கடைசித் தீர்மானமும் ஒரே சத்தம். நடுவில் இருமிய ரசிகரும் மிருதங்கத்துக்குச் சமமாக இருமுகிறார்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2008-இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் இப்படிச் சத்தம் தூக்கப்பட்டு வந்தபோது, அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ கேமில் இதைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மறுபடி மாஸ்டர் செய்து (வெளியீட்டுக்கான இறுதி ஒலிச்சீரமைப்பு செய்து) தரச் சொன்னார்கள். இன்று இப்படிச் சத்தத்தைத் தூக்குவதால் வியாபார லாபமும் இல்லை. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அமைப்பு எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. தூக்கிய சத்தம் அங்கே இறக்கப்படும். நசுங்கிய மிருதங்கம் நசுங்கியபடியே இருக்கும்.

பழைய பதிவுகளை வைத்திருக்கும் சபாக்களையும் குடும்பங்களையும் வெளியீட்டாளர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் எதையும் திருத்தாமல், 24 பிட்டில் ஒரு பிரதி எடுத்து, ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பில் வையுங்கள்; அதில் ஒரு துளியும் குறையாது, இடமும் ஏறக்குறையப் பாதிதான் பிடிக்கும். திருத்தம் எதுவானாலும் அதன் நகலில் செய்யுங்கள். வெளியிடும்போது மூலம் தட்டா, ஸ்பூலா, எத்தனையாவது நகல், வேகத்தை எப்படி முடிவு செய்தீர்கள், எதை நீக்கினீர்கள் என்று அட்டையில் நாலு வரி எழுதுங்கள். தங்கள் இதழில் இசை வெளியீடுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களும் பாட்டு எப்படி என்பதோடு இதையும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்