1968 கார்வெட்டின் சக்கரங்கள்: ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்கோருக்கு வணக்கம்.

1968 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த, செவ்ரலே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான என் கார்வெட்டுக்கு, அதற்கே உரிய சக்கரங்கள் கடந்த வாரம் பூட்டப்பட்டன. இரண்டு ஆண்டுகள் நீண்ட இந்தத் தேடலில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்குப் பலரறிய நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லான்சிங்கில் வாழும் பெரியவரே, சக்கரத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாங்கள்தான். நான்கும் அசல் என்று சொல்லி எனக்கு விற்றிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன். தாங்கள் வால்வுத் துளையை ஒட்டிய வண்ணப்பூச்சைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது ‘ஏ இசட்’ என்ற எழுத்துகள் தெரிந்தன. அது 1969 முதல் வந்த 8 அங்குல அகலச் சக்கரம் என்றும், 1968க்கு உரியது 7 அங்குல ‘ஏ ஜி’ என்றும், 1967க்கு 6 அங்குல ‘டி சி’ என்றும், மூன்றுக்கும் விட்டம் 15 அங்குலமே, போல்ட்டுகளும் ஐந்தே என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் ஏறிவிடுகிறது என்றும் பொறுமையாக விளக்கினீர்கள். பிறகு ஸ்டெப்னியை இறக்கச் சொன்னீர்கள். காரின் பின்புறம் அடியில் உள்ள பெட்டியில் யார் கையும் படாமல் கிடந்த அதில், சேற்றைத் துடைத்ததும் ‘ஏ ஜி’ தெரிந்தது. துளையின் மறுபக்கம் ‘கே 1 8 2 14’. கே என்றால் கெல்சி-ஹேஸ் நிறுவனம், 1 செவ்ரலே, மீதி 1968 பிப்ரவரி 14. அந்தத் தேதியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. கார் உருவான நாளுக்குப் பிந்திய தேதியுள்ள எந்தச் சக்கரமும் இதற்கு ஆகாது என்பதும் அன்றே விளங்கியது.

ஆகஸ்டில் கார்லைல் நகரில் கூடும் கார்வெட் திருவிழாவில் கடை போட்டிருந்த அம்மையாருக்கும் நன்றி. சக்கரத்தின் அகலத்தை வெளி விளிம்பில் அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும், டயர் அமரும் இடத்தில்தான் அளக்க வேண்டும் என்று தாமே அளந்து காட்டி, ஜனவரித் தேதியிட்ட இரண்டு சக்கரங்களை நியாயமான விலைக்குத் தந்தார்.

மூன்றாவது சக்கரத்தை டொலிடோ நண்பர் தம் பழைய சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காவதாக நான் வாங்கவிருந்த ஒன்றை, போல்ட் துளை நீண்டு தேய்ந்திருக்கிறது, இதில் உயிரை நம்பி ஓட்டக் கூடாது என்று தடுத்த சக்கரப் பட்டறைத் தொழிலாளிக்கு நான் என்றும் கடன்பட்டவன். நல்லதொன்று கிடைக்க மேலும் ஏழு மாதங்கள் ஆயின; அந்தக் காத்திருப்பு சரியானதே. அதைப் பனிக்காலத்தில் ஐந்து மணி நேரம் வண்டியோட்டிப் போய் எடுத்து வந்த தம்பிக்கு என் அன்பு.

கழற்றிய நான்கு ‘ஏ இசட்’ சக்கரங்களையும் 1969 கார்வெட் வைத்திருக்கும் இளைஞர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பெரியவரே, எழுத்தைத் தேய்த்துப் பார்க்கும் விதத்தையும் அவருக்குக் காட்டினேன்.

நன்றியுடன்,
மிச்சிகனிலிருந்து ஒரு கார்வெட் அன்பர்