திடீர் முன்னேற்றங்களுக்கு விளக்கம் தேவை: சர்வதேச சைக்கிளோட்டச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், சங்கத்தின் சார்பில் ஊக்கமருந்துப் பரிசோதனைகளை நடத்திவரும் சர்வதேசப் பரிசோதனை முகமையினருக்கும்,

வணக்கம்.

நேற்றுவரை அணித் தலைவருக்குத் தண்ணீர்க் குப்பி சுமந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வீரர், ஒரே பருவத்தில் மலையேற்றங்களில் அந்தத் தலைவரையே விட்டுவிட்டு முன்னேறிச் செல்லும்போது, தொழில்முறைச் சைக்கிளோட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் மனத்தில் வியப்புக்கு முன்பே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த விளையாட்டின் வரலாறுதான். 1996-இல் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை 32 வயதில் வென்ற பியார்ன் ரீஸ், அதற்குமுன் பல ஆண்டுகள் பிறருக்கு உதவி ஓட்டுநராக இருந்தவர். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதை அவரே 2007-இல் ஒப்புக்கொண்டார். அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல்தான் பறிக்கப்பட்டன. இவற்றை மறுபடி விவரிப்பது இம்மடலின் நோக்கமன்று. ஒரு வீரரின் திடீர் முன்னேற்றத்துக்கு விளக்கம் தேடும் பொறுப்பு அந்த வீரருடையதும் அல்ல, சாலையோரத்தில் நிற்கும் பார்வையாளருடையதும் அல்ல, தங்களுடையது என்பதையும், அந்தப் பொறுப்பைத் தாங்கள் வெளிப்படையாக நிறைவேற்றுவதில்லை என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2011-ஆம் ஆண்டின் வூவெல்ட்டா பந்தயத்தை நினைவுகூர வேண்டுகிறேன். மூன்று வாரங்கள் ஓடிய அந்த ஸ்பெயின் சுற்றில், யாரும் எதிர்பாராத இருவர் முதல் இரண்டு இடங்களுக்கு வந்தார்கள். ஆங்லிரு ஏற்றத்தில் தனியாகச் சென்று வென்ற ஹுவான் ஹோசே கோபோ முதலிடத்தையும், அதுவரை பெரிதாக எதையும் வென்றிராத கிறிஸ் ஃப்ரூம் இரண்டாமிடத்தையும் பிடித்தார்கள். பெனியா கபார்கா உச்சியை நோக்கிய கடைசி ஒரு கிலோமீட்டரில் இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் உதறிவிடப் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தை ஃப்ரூம் வென்றார். ஆனாலும் மத்ரித்தில் பந்தயம் முடிந்தபோது கோபோ 13 விநாடிகள் முன்னிலையில் இருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இருவரும் ஒரே மாதிரித்தான் தெரிந்தார்கள்: இரண்டுமே நம்பக் கடினமான பாய்ச்சல்கள்.

பின்னர் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கோபோவின் உயிரியல் கடவுச்சீட்டில், அதாவது ஒரு வீரரின் ரத்த அளவீடுகளைத் தொடர்ந்து பதிந்துவரும் ஆவணத்தில், 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் ரத்த அளவீடுகள் இயல்புக்கு மாறாக இருந்தன என்று தீர்ப்பாகி, அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. ஆனால் அது நடந்தது 2019-இல். எட்டு ஆண்டுகள் கழித்து, அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்று நெடுநாளான பிறகு, பட்டம் ஃப்ரூமுக்கு மாற்றி எழுதப்பட்டது.

மற்றவருக்கு என்ன ஆயிற்று? அந்த எட்டு ஆண்டுகளில் ஃப்ரூம் நான்கு முறை டூர் டி பிரான்ஸை வென்றார். 2015-இல் ஒரு பார்வையாளர் அவரை ஊக்கமருந்துக்காரன் என்று கத்தியபடி முகத்தில் சிறுநீரை வீசினார். அதே ஆண்டில் ஃப்ரூம் தாமாகவே லண்டனில் ஓர் ஆய்வகத்தில் உடலியல் பரிசோதனைகளுக்கு உட்பட்டு, முடிவுகளை ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். அதில் மிகவும் கவனத்துக்குரியது புதிய அளவீடு அன்று, பழைய ஒரு தாள். 2007-இல், ஏய்கில் நகரில் உள்ள தங்கள் பயிற்சி மையத்தில் அவர் இளைஞராகப் பயின்ற காலத்தில், லோசானில் செய்யப்பட்ட பரிசோதனையின் முடிவு அது. அப்போது அவருடைய எடை 75.6 கிலோ, உடல் உள்வாங்கக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 80.2 மில்லிலிட்டர். 2015-இல் எடை 69.9 கிலோ, ஆக்சிஜன் அளவு 84.6. மிதிக்கும் ஆற்றலைக் காட்டும் உச்ச வாட் எண்ணிக்கை கூடவில்லை, சற்றே குறைந்திருந்தது. அதாவது, திறன் தொடக்கத்திலிருந்தே அந்த உடலில் இருந்தது, குறைந்தது எடை. இது ஒருவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'எங்கிருந்தோ திடீரென்று வந்தார்' என்ற ஒரு குற்றச்சாட்டுக்கு அது நேரடியான பதில். அந்தப் பதில் தங்கள் மையத்தின் வாசலிலேயே இருந்தும், அதைத் தேடி எடுத்து வெளியிடும் வேலையை, கேள்விக்குள்ளான வீரரே செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் என் மனக்குறை.

அவரது வழக்கிலேயே இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2017 வூவெல்ட்டாவின்போது அவருடைய சிறுநீரில் சால்பியூட்டமால் என்ற ஆஸ்துமா மருந்தின் அளவு மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம் இருந்தது, விதியின் வரம்பு 1000. பத்திரிகைகளில் கசிந்த பிறகே இது வெளியுலகுக்குத் தெரிந்தது. 2018 ஜூலையில், டூர் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், அவர்மீது நடவடிக்கை இல்லை என்று வழக்கை முடித்தீர்கள். அந்த முடிவு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் எந்த அறிவியல் வாதம் தங்களை ஏற்கச் செய்தது என்பதை முழுமையாக வெளியிடவில்லை. விளைவாக, குற்றமற்றவர் என்ற தீர்ப்பே அவர்மீதான ஐயத்தை மேலும் வளர்த்தது. ஒருவரைத் தண்டிக்கும்போது காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதும் அமைப்பு, ஒருவரை விடுவிக்கும்போது ஓரிரு பத்திகளோடு நிறுத்திக்கொள்வது விடுவிக்கப்பட்டவருக்குத்தான் அநீதி.

2008-இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் கடவுச்சீட்டின் அடிப்படைக் கருத்தை நான் மனமார மதிக்கிறேன். எல்லோருக்கும் ஒரே வரம்பு வைக்கும் பழைய முறையின் குறைகள் தெரிந்தவைதான்: 1997-இல் ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதித்தபோது, இயல்பில் 42 இருப்பவர் 49 வரை ஏற்றிக்கொள்ள அது மறைமுகமான அனுமதிச் சீட்டாகவே ஆனது. கடவுச்சீட்டோ ஒரு வீரரை அவரோடு மட்டுமே ஒப்பிடுகிறது. ஈபிஓ செலுத்தினால் இளம் சிவப்பணுக்களின் விகிதம் உயர்கிறது. சேமித்த ரத்தத்தை மீண்டும் ஏற்றினால், எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதால் அதே விகிதம் விழுகிறது. அந்த ஏற்ற இறக்கம் அந்த வீரருக்கே உரிய எல்லையை மீறும்போது, வீரர் யாரென்று அறியாத நிபுணர் மூவர் அதைப் பார்த்து ஒருமனதாக ஊக்கமருந்து என்று சொன்னால்தான் வழக்கு எழுகிறது. கவனமான ஏற்பாடு இது.

ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு. தங்கள் சங்கமே அமைத்த சுதந்திர சீர்திருத்த ஆணையம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, வீரர்கள் மிகச்சிறு அளவுகளில் ஈபிஓ செலுத்திக்கொண்டு கடவுச்சீட்டின் எல்லைக்குள்ளேயே இருந்துவிட முடிகிறது என்றும், இரவு பதினொரு மணிக்குப் பிறகு பரிசோதகர் வரமாட்டார் என்ற நம்பிக்கையே அதற்குத் துணையாகிறது என்றும் சொன்னது. உயர்ந்த மலைப்பகுதிகளில் செய்யும் பயிற்சியும், வெப்பப் பயிற்சியும் ரத்த அளவீடுகளை இயல்பாகவே மாற்றுவதால், மாற்றத்துக்கு ஒரு நியாயமான காரணத்தைக் காட்டுவதும் எளிது. அதே அறிக்கைக்காகப் பேட்டியளித்தவர்களில் ஒருவர் 90 விழுக்காட்டு வீரர்கள் ஊக்கமருந்து எடுப்பதாகவும், இன்னொருவர் 20 விழுக்காடுதான் என்றும் மதிப்பிட்டார்கள். உள்ளே இருப்பவர்களின் கணிப்பிலேயே இத்தனை இடைவெளி என்றால், வெளியே நிற்பவர்களின் ஊகங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. 2019-இல் ஆஸ்திரிய, ஜெர்மானியக் காவல்துறையினர் நடத்திய 'ஆடெர்லாஸ்' நடவடிக்கையில் சிக்கிய சைக்கிளோட்ட வீரர்களையும் கடவுச்சீட்டு காட்டிக்கொடுக்கவில்லை. எர்ஃபுர்ட் மருத்துவர் ஒருவரின் ரத்தப் பைகள்தான் காட்டிக்கொடுத்தன. 1998-இல் ஃபெஸ்டினா அணியின் ஊக்கமருந்து விவகாரம் சுங்கச் சோதனையில் வெளிப்பட்டது. 2006-இல் 'புவெர்ட்டோ' என்ற ஊக்கமருந்து விவகாரம் ஸ்பெயின் காவல்துறையின் சோதனையில் வெளிப்பட்டது.

இந்த இடத்தில் நான் முன்வைக்க விரும்பும் கோரிக்கை எளியது. ரத்தத்தில் செய்வதை வேகத்திலும் செய்யுங்கள். இன்று எல்லா முன்னணி வீரர்களின் சைக்கிளிலும் மிதிவிசையை வாட் கணக்கில் விநாடிதோறும் பதியும் கருவி உண்டு. ஓர் இளைஞரை ஒப்பந்தம் செய்யுமுன் அணிகள் அவருடைய பல ஆண்டுப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. வீரரை விலைக்கு எடுப்பவருக்குக் கிடைக்கும் பதிவு, அவரைக் கண்காணிக்க வேண்டியவருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை என்ற நிலை விந்தையானது. இத்தகைய பதிவுகளைப் பயன்படுத்துவது குறித்துப் பரிசோதனை முகமை ஆராய்ந்துவருவதாக அறிவித்திருப்பதை வரவேற்கிறேன். ஆனால் விருப்பமுள்ள அணிகள் மட்டும் கலந்துகொள்ளும் சோதனை முயற்சியாகவே அது நின்றுவிடக்கூடாது. முதல் ஒப்பந்தத்திலிருந்து தொடங்கி, எல்லா வீரர்களின் பதிவுகளும் அணிகளுக்கு எட்டாத ஓரிடத்தில் சேமிக்கப்படுவதை உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறியாதவன் அல்லன். கருவிகளில் ஓரிரு விழுக்காடு பிழை இருக்கும் என்பது உண்மை. அதனால்தான் இதை ஒருபோதும் தண்டனைக்கான சான்றாக ஆக்கக்கூடாது, யாரைக் கூடுதலாக, எந்த நேரத்தில் பரிசோதிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். அணிகளின் போட்டி ரகசியம் பற்றிய அச்சத்துக்குத் தாமதமான வெளியீடும் கடுமையான காப்பும் போதும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: முன்னேறுவதே குற்றமாகிவிடாதா? ஆகாது, ஏனெனில் திடீர் முன்னேற்றத்துக்கு நேர்மையான காரணங்கள் பல உண்டு. மணிக்கு 120 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ளக் குடலைப் பழக்குவது, காற்றெதிர்ப்பைக் குறைக்கும் உடையும் சக்கரமும், நோயிலிருந்து மீள்வது, அணி மாறிய பிறகு தலைமைப் பொறுப்பு கிடைப்பது ஆகியவை எல்லாம் ஒருவருடைய முடிவுகளைத் தலைகீழாக மாற்றக்கூடியவை. இவற்றில் பெரும்பாலானவை வாட் எண்ணிக்கையை உயர்த்தாமலேயே வேகத்தை உயர்த்துபவை என்பதால், பதிவுகளைப் பார்த்தாலே பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துபோகும்.

இதே காரணத்தால்தான், மலையேற்ற நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 2024 ஜூலையில் டூரின் பிளாத்தோ தெ பெய்ல் மலையேற்றத்தை இன்றைய வீரர் ததேய் போகாச்சர், இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி 1998-இல் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட மூன்றரை நிமிடத்துக்கும் மேலாகக் குறைவாக முடித்தபோது எழுந்த கூச்சலை நானும் கேட்டேன். காற்று, சாலை, சைக்கிள், அதற்குமுன் ஓடிய தூரம் என்று எத்தனையோ வேறுபாடுகள் இருக்க, இரு தலைமுறைகளின் கடிகாரங்களை ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது. மேலும் போகாச்சர் இளம்வயதிலிருந்தே முன்னணியில் இருப்பவர். 21 வயதில் டூரை வென்றவர். ஒருவர் மற்றவரைவிட எவ்வளவு வேகமானவர் என்பதைக் காட்டிலும், அவர் நேற்றைய தம்மைவிட எவ்வளவு மாறியிருக்கிறார் என்பதே தாங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சந்தேகப் பட்டியல்களை வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2010 டூரில் கலந்துகொண்ட வீரர்களுக்குச் சுழியம் முதல் பத்து வரை சந்தேகப் புள்ளிகள் இட்டுத் தங்கள் சங்கம் வைத்திருந்த உள்பட்டியல், அடுத்த ஆண்டில் ஒரு பிரெஞ்சு நாளிதழில் கசிந்தது. எதற்காக அந்த எண் என்ற விளக்கமின்றி வீரர்கள் முத்திரை குத்தப்பட்டார்கள். கடவுச்சீட்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் 2015-இல் தாங்களே வழக்கைக் கைவிட்ட செக் வீரர் ரோமன் க்ரொய்ட்ஸிகரின் நிலையும் நினைவில் இருக்கிறது. நான் கேட்பது வேறு. ஒவ்வொரு வீரரும் ஓராண்டில் எத்தனை முறை பரிசோதிக்கப்பட்டார், அவற்றில் போட்டிக்கு வெளியே எத்தனை என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள். அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை தன் விளையாட்டு வீரர்களின் பரிசோதனை எண்ணிக்கையை வெளியிட்டே வருகிறது. ஒரு வழக்கு பொதுவெளிக்கு வந்தபின் கைவிடப்பட்டால், மருத்துவ அந்தரங்கம் காத்து, அதன் அறிவியல் காரணங்களை முழுமையாக அச்சிடுங்கள்.

விதி வகுப்பதில் தாங்கள் மெத்தனமாக இருக்கிறீர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமைக்கு முன்பே டிரமடால் என்ற வலிநிவாரணியை 2019-இல் தடைசெய்தீர்கள். கார்பன் மோனாக்சைடைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும் முறையை 2025-இன் தொடக்கத்தில் தடுத்தீர்கள். ஐயம் எழுந்தவுடன் விரைந்து செயல்படத் தங்களுக்குத் தெரியும். அந்த விரைவு பொருட்கள் விஷயத்தில் இருக்கிறது, மனிதர்கள் விஷயத்தில் இல்லை.

1999 டூரில், ஊக்கமருந்து இன்னும் தொடர்கிறது என்று பத்திரிகையில் எழுதிய கிறிஸ்தோஃப் பஸ்ஸோன் என்ற வீரரை, சக ஓட்டக்காரர்கள் ஒதுக்கினார்கள். ஆம்ஸ்ட்ராங் ஓடிக்கொண்டே அருகில் வந்து அவரைக் கண்டித்தார். பஸ்ஸோன் பாதியிலேயே பந்தயத்தை விட்டு வெளியேறினார். கேள்வி கேட்பவர் விளையாட்டின் எதிரி என்ற அந்த மனநிலை இன்றும் பத்திரிகையாளர் சந்திப்புகளில் தலைகாட்டுகிறது. வாட் பதிவுகளைக் கட்டாயமாக்குவதும் பரிசோதனை எண்ணிக்கைகளை வெளியிடுவதும் நடைமுறைக்கு வந்தால், அந்தக் கேள்விகளை வீரர்களிடம் கேட்க வேண்டிய தேவையே பெருமளவு குறையும்.

கடைசியாக ஒன்று. சேமித்து வைத்த மாதிரிகளை மறுபரிசோதனை செய்து நடவடிக்கை எடுப்பதற்கான காலவரம்பு 10 ஆண்டுகள். கோபோவின் வழக்கில் எட்டு ஆண்டுகள் ஆயின. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதித்திருந்தால் அந்தப் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் காலவரம்பை நெருங்கும் மாதிரிகளில், அந்தந்தப் பருவத்தில் திடீர் முன்னேற்றம் கண்ட வீரர்களுடையவை எத்தனை, அவற்றில் புதிய முறைகளால் மீண்டும் ஆராயப்பட்டவை எத்தனை என்பதை அடுத்த டூர் டி பிரான்ஸ் தொடங்குவதற்குள் அறிவிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தயங்களை நெடுங்காலமாகப் பின்தொடரும் ஒரு பார்வையாளன்