ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கிறிஸ்துநாதர் ஆலயம் செல்வது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை சேலம் ஆட்சியர் அலுவலகம் அருகிலுள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்துநாதர் ஆலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். ஆயர் மனமுவந்து அனுமதி தந்திருக்கிறார். பிள்ளைகளில் பலர் தினமும் அந்த வழியாகத்தான் பேருந்தில் வருகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

"சர்ச்சுக்கு எதற்கு சார்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இது வழிபாட்டுக்கான பயணம் அல்ல. முதல் பருவத்தில் இதே பிள்ளைகள் சுகவனேசுவரர் கோயிலில் உட்கார்ந்து தூண்களை வரைந்தார்கள். அடுத்து, திருமணிமுத்தாற்றங்கரை ஜாமியா மசூதிக்கும் போவோம். நம் ஊர்க் கட்டடங்களைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வரலாறு மனப்பாடப் பாடமாகவே நின்றுவிடும்.

ஆலயம் 1875-இல் நிறைவு பெற்றது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னை சேப்பாக்கத்தில் உள்ள பல்கலைக்கழக செனட் மண்டபமும் அவர் கைவண்ணம்தான். அது 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. அங்கே குவிமாடம், இங்கே கூர்வளைவு. ஒரே காலத்தில் ஒரே ஆள் இரண்டு பாணியில் வேலை செய்திருக்கிறார். இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வரச் சொல்லியிருக்கிறேன்; வீட்டில் உதவுங்கள்.

கூர்வளைவைப் பிள்ளைகள் வெறும் அழகு என்று நினைத்துவிடக் கூடாது. அரைவட்ட வளைவு சுவரைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவில் பாரம் பெரும்பாலும் நேராகக் கீழே இறங்கிவிடும். மிச்சத் தள்ளுதலைத் தாங்கத்தான் இந்தப் பாணிக் கட்டடங்களில் வெளியே முட்டுச்சுவர்கள் எழுப்புவார்கள். இதைவிட நல்ல விசைப் பாடம் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

கல்லையும் செங்கல்லையும் ஒட்டவைக்கும் காரைக் கலவையும் அப்படித்தான். இந்தியாவில் சிமெண்ட் தயாரிப்பு தொடங்கியதே 1904-இல், சென்னையில். அதற்கு முன்னெல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்பும் மணலும்தான். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். போன வாரம் அறிவியல் ஆசிரியர் பள்ளிக்குப் பின்புறம் ஓர் இரும்புத் தொட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். சீறிக் கொதித்து, ஆவி பறக்க, கட்டி உடைந்து மாவானது. அந்த மாவு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கலை அரிக்கும். பழைய வீடு வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சேலத்தில் இன்னொரு பழைய கிறிஸ்தவ மரபும் உண்டு. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கம் இங்கே 1827-இல் வந்தது. 1840 முதல் 1861-இல் இறக்கும் வரை இங்கே ஊழியம் செய்த லெக்லர் ஜெர்மானியர். தொழிற்கல்விப் பள்ளியும் நடத்தினார். கோட்டையில் உள்ள ஆலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிறிஸ்துநாதர் ஆலயத்தின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சபையார் ஒரு புறம், லண்டன் மிஷன் சபையார் ஒரு புறம் என்று தனித்தனியே இருந்தவர்கள், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒன்றானார்கள். நாடு சுதந்திரம் பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது! கோட்டை ஆலயத்தை அடுத்த முறை பார்க்கலாம். ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

காலை எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பன்னிரண்டரைக்குத் திரும்பிவிடுவோம். சீருடை, கோடு போடாத நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில் போதும். கைபேசி வேண்டாம். ஆலயத்தினுள் எதையும் தொடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்று வீட்டிலும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். இணைப்பிலுள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அனுப்ப விருப்பமில்லாதவர்கள் தயங்காமல் என்னை வந்து பாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்