காரில்லாத வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்கள் என்று சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. படங்கள் கண்ணுக்கு நன்றாகவே இருந்தன. காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினால் கல்லணை, அப்புறம் திருவையாறு, தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. எழுதியவர் இப்படி ஒரு தடவையாவது போய்வந்தாரா, இல்லை செல்போனில் வழியைப் பார்த்து எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம். கல்லணையிலும் திருவையாற்றிலும் கொஞ்சம் நின்றுவிட்டுத் தஞ்சாவூர் போய்ச் சேரும்போதே பதினொன்றரை ஆகியிருக்கும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப்போய் வந்து, உள்ளே நுழைந்தால் நடை சாத்துகிற நேரம். தாராசுரத்துக்கு இரண்டு மணிக்குப் போனால் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வரலாம். நம் பக்கத்துக் கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் இந்த ஒரு விஷயம் இல்லை. எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் ஒவ்வோர் ஊருக்கும் போட்டிருந்தது.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருவானைக்காவலில். எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் ஊர் சுற்றாத வீடு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் இவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் சமையலறையை விட்டு வெளியே வராத எங்கள் தெருக் கிழவிகள் முக்கொம்பையும் கல்லணையையும் பார்த்ததும் அதில்தான். நாலைந்து பேர் தூக்குவாளியோடு மொத்தமாக ஏறினால், “எங்கம்மா எல்லாரும், வளைகாப்பா?” என்று கண்டக்டர் கேட்பார். “ஆத்தப் பாக்கப் போறோம் தம்பி” என்றால் அவருக்குச் சிரிப்புத் தாங்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: திருச்சியில் தனியார் டவுன் பஸ் நிறைய. அவசரத்தில் ஏறிவிட்டால் காசு உண்டு. போர்டைப் பார்த்து ஏற வேண்டும்.

கல்லணை திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர்தான். ஆனால் எப்போது போவது என்பதை யாரும் சொல்வதில்லை. கோடை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சித்திரை வைகாசியில் அங்கே மணல்தான் இருக்கும். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பார்கள், நாலைந்து நாளில் கல்லணைக்கு வந்துவிடும். ஜனவரி 28 வரைக்கும் பாசனக் காலம். ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்குள் ஒரு நாள் காலையில் போய்ப் பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். ஒரே ஆறாக வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிற இடம் அது. புது ஆறு என்று நாங்கள் சொல்வதுதான் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை கட்டிய 1934-ஐ ஒட்டி வெட்டியது. மற்றவை பழையவை. மதகுகளும் பாலங்களும் வெள்ளைக்காரன் காலத்தில் மேலே வைத்தவை. கரிகாலன் போட்ட கல் அடியில் இருக்கிறது. ஆற்று மணலில் பெரிய பெரிய பாறையாகப் போட்டு, அது புதையப் புதைய அதன் மேல் இன்னொன்று, நடுவில் களிமண் என்று அடுக்கியிருக்கிறார்கள். 329 மீட்டர் நீளம். என் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, “அம்மாச்சி, சிமெண்டே இல்லாம எப்படி நிக்கிது?” என்றாள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், “தண்ணிய மறிச்சாத்தானம்மா அது இடிக்கும், இது திருப்பித்தானே விடுது” என்றார். இதைவிடத் தெளிவாக அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க முடியாது.

அங்கே வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவித் தருவார்கள், கொய்யா இருக்கும், மீன் வறுத்துத் தருகிற அம்மாக்கள் இருப்பார்கள். கரிகாலனுக்கு மணிமண்டபமும் இருக்கிறது, யானை மேல் அவர் உட்கார்ந்திருப்பார். குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். மதகுக்குக் கீழே தண்ணீர் பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும். உள்ளே சுழல் இருக்கும். கொள்ளிடத்தில் மணல் திட்டு தெரிகிறதே என்று நடுவில் போய் உட்காரவும் கூடாது. மேலே உபரி நீரைத் திறந்தால் திரும்பி வர நேரம் இருக்காது. திருக்காட்டுப்பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. டவுனிலிருந்து வருகிற பையன்களுக்குத்தான் தெரியவில்லை.

முக்கொம்பைப் பற்றி உங்கள் பக்கத்தில் இரண்டு வரி வந்திருந்தது, அது போதும். பிள்ளைகளுக்குப் பூங்கா, பெரியவர்களுக்கு நிழல். வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1830-களில் அங்கே கட்டிய மேலணையில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மதகுகள் அடித்துக்கொண்டு போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது புதுக் கதவணை நிற்கிறது.

தஞ்சாவூருக்கு ரயில். திருச்சி ஜங்ஷனிலிருந்து ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். நான் சொல்வது, காலையில் கிளம்பாதீர்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு அங்கே இருப்பதுபோலப் புறப்படுங்கள். உச்சி வெயிலில் அந்தப் பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. விரிப்புப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அதை விட்டு ஓரடி தள்ளி வைத்தால் துள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். நாலு மணிக்கு மேல் போனால் கல் ஆறத் தொடங்கியிருக்கும், விமானம் பொன்னிறமாக மாறும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு பேச்சு உண்டு, வழிகாட்டிகளும் சளைக்காமல் சொல்கிறார்கள். சாயங்காலம் நந்திப் பக்கம் போய்ப் பாருங்கள், நிழல் நீளமாகக் கிழக்கே கிடக்கும். எதிர்வீட்டு அக்கா அந்த நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துதான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார். 1010-ல் ராஜராஜன் முடித்த கோயிலுக்கு இருக்கிற பெருமை போதும், நிழல் கதை எதற்கு? விளக்கு போட்டதும் ஒரு சுற்று வந்துவிட்டுக் கிளம்பினால், திருச்சிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு நாள் தஞ்சாவூரில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவையாற்றுக்குப் போங்கள். 13 கிலோமீட்டர். சின்னப்பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பாலத்தை எண்ணச் சொல்லுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்தாவது பாலத்தைத் தாண்டினால் ஊர். ஐயாறப்பர் கோயில் தெற்குப் பிராகாரத்தில் ஒரு இடம் இருக்கிறது, நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் திரும்பக் கேட்கும். ஏழு தடவை என்பார்கள். பிள்ளைகள் எண்ணுவதற்குள் இன்னொரு பிள்ளை கத்திவிடும். அப்புறம் சங்கீத மகான் தியாகராஜர் சமாதி. ஆராதனை நாளில் தோளோடு தோள் உரசுகிற இடம், மற்ற நாளில் காற்று வாங்கலாம். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தையெல்லாம் போட்டு எழுப்பியது அது. அவர் சமாதியும் எதிரிலேயே இருக்கிறது, போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நிற்கலாம். பாசிப்பருப்பில் செய்கிற அசோகா அல்வாவை இலையில் வைத்துச் சுடச்சுடத் தருவார்கள். அதை ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்து மறுநாள் தின்றவர்கள்தான் நன்றாக இல்லை என்பார்கள்.

தாராசுரத்துக்கு வருகிறேன். என் பேத்தியைக் கேட்டால் இதுதான் முதல் என்பாள். ஆனால் இதற்கு ஒரு முழு நாள் வேண்டும், மத்தியானம் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போக வேண்டும். நாங்கள் ரயிலில் கும்பகோணம் போய், காபி குடித்துவிட்டு, டவுன் பஸ்ஸில் சுவாமிமலை. முருகனைப் பார்த்துவிட்டு இறங்கும்போது நடை சாத்துகிற நேரம், சரியாக இருக்கும். அப்புறம் ஸ்தபதிகளின் பட்டறைக்கு. நடை சாத்தினாலும் அங்கே உளிச் சத்தம் நிற்காது. வாசலில் நின்று “பார்க்கலாமாய்யா” என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். மெழுகில் முழு உருவமும் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்துப் பூசி, மேலே இன்னும் மண் அப்பிக் காயவைத்து, சூடுபடுத்தி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். ஒரு சிலைக்கு ஓர் அச்சுதான், உடைத்தால் போயிற்று. நாங்கள் போனபோது ஒருவர் நடராஜரின் தூக்கிய திருவடியை மடியில் வைத்து, சுண்டுவிரல் நகத்தை மட்டும் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நாங்கள் சோறு தின்றுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தோம், அதே நகத்தில்தான் இருந்தார்.

நாலு மணிக்குத் தாராசுரம். கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. தேர்ச் சக்கரமும் குதிரையுமாக மண்டபம், அடியில் நாயன்மார் கதைகள் சாணளவுச் சிற்பங்களாக வரிசையாக. வழிகாட்டியெல்லாம் வேண்டாம், யானையும் காளையும் ஒரே தலையோடு நிற்கிற சிற்பம் எங்கே என்று மட்டும் யாரையாவது கேளுங்கள். ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. எங்கள் கூட வந்த அறுபது வயதுக்காரிகளும் வரிசையில் நின்று மறைத்து மறைத்துப் பார்த்தார்கள். கங்கைகொண்டசோழபுரத்தை அதே நாளில் சேர்க்காதீர்கள். கும்பகோணத்திலிருந்து அது தனி நாள். புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் மார்கழி தை மாதத்துக்கு. மற்ற மாதம் அந்தப் பாறையில் ஏறுவது வயசுப் பிள்ளைகளுக்குத்தான்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்தப் பயணத்திலெல்லாம் எங்களைத் திரும்ப இழுப்பது தூரம் இல்லை, கழிவறையும் கடைசி பஸ்ஸும்தான். ஊர் பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் பெண்கள் கழிவறை புதுசாகக் கட்டி, டைல்ஸ் போட்டு, திறப்பு விழாக் கல்லும் பதித்திருந்தது. பூட்டும் போட்டிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போனவர் வரவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற நாலு பெண்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “அம்மா, கொஞ்சம்...” என்று நின்றோம். அந்த வீட்டு மகராசி கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்தபோது ஆளுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள். எல்லா ஊரிலும் அப்படி ஒரு வீடு கிடைக்குமா? எங்கள் கூட்டத்தில் பலர் வெளியே கிளம்புகிற அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் மயக்கம் வராமல் என்ன செய்யும்?

கடைசி பஸ்ஸும் அப்படித்தான். நான் பார்த்தவரை கல்லணையில் திரும்புகிற பஸ் நேரம் எந்தப் பலகையிலும் இல்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். அவர் சொன்னால் தப்பாது, ஆனால் அவர் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டால்?

ஆகவே அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டாம். கிலோமீட்டருக்குப் பதிலாக, ஒவ்வோர் ஊருக்குக் கீழேயும் மூன்று விஷயம் போடுங்கள்: எந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த பஸ், திரும்பக் கடைசி பஸ் எப்போது. நடை எப்போது சாத்தி எப்போது திறக்கும். பெண்கள் கழிவறை இருக்கிறதா, திறந்திருக்கிறதா. மூன்றாவதை உங்கள் நிருபர் போனில் கேட்டு எழுதக்கூடாது, போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நிருபர் ஆணாக இருந்தால் கூட ஒரு பெண்ணையும் அனுப்புங்கள்.

ஆடி பிறக்கப் போகிறது. பதினெட்டுக்கு முந்தின ஞாயிறு எப்படியும் ஸ்ரீரங்கத்துப் படித்துறை அம்மா மண்டபத்தின் படம் போட்டு ஒரு பக்கம் வரும். அங்கே அன்றைக்குப் படியில் கால் வைக்க இடம் இருக்காது. திருப்பராய்த்துறையும் திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறையும் சேர்த்துப் போட்டால் கூட்டம் கொஞ்சம் பிரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிற பஸ்களின் நேரம் வேண்டுமென்றால் எழுதி அனுப்ப எதிர்வீட்டு அக்காவும் நானும் தயார். நின்று எழுதிவர ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருவானைக்காவல்