2024–25 ஆண்டறிக்கை: தோட்டா வகுப்புக் கணக்கையும் சேர்த்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டி, ஊத்தங்கரை சுற்றுவட்டாரத்தில் உரிமத்தோடு பயிர்க் காவல் துப்பாக்கி வைத்திருக்கும் நம்முடைய சங்கத்தின் ஆண்டறிக்கை இது. பொதுக்குழுவில் வாசித்திருக்க வேண்டியது. கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) சேரவில்லை, அதனால் எழுதி அனுப்புகிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது, பொரி மிச்சம். நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகள் ஜூன் 4 எண்ணிக்கைக்குப் பிறகு பத்திரமாகத் திரும்பி வந்தன. ரசீதைத் தொலைத்த இரண்டு பேருக்காக நான் மூன்று நாள் அலைந்தேன், பெயர் வேண்டாம். காட்டுப் பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் வாரம் ஒருவர் போன் செய்கிறார்: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வரும் பன்றியைச் சுடலாம் என்பது வனத்துறைக்கு. நமக்கு இல்லை.

இனி தோட்டா வகுப்பு. இதற்கு 3,800 ரூபாய் செலவானது என்று பொருளாளர் இரண்டு கூட்டங்களில் பேசிவிட்டதால் நானும் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆரம்பம் டிசம்பர் மழை. ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே உள்ள நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நலம் விசாரிக்கப் போன் போட்டால், "தோட்டா டப்பா பூரா நனைஞ்சு போச்சுங்க, அடுப்பு மேடையில காய வெச்சிருக்கேன்" என்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை. முதலில் அடுப்பை அணையுங்கள் என்றேன். முப்பது வருடமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர், அடுப்பில் காய்ந்த தோட்டா வெடிக்கவும் செய்யலாம், வெடிக்க வேண்டிய நேரத்தில் மக்கர் செய்யவும் செய்யலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன, நம்மில் பெரும்பாலானவர்கள் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் எத்தனை பேர்?

துணைத்தலைவரின் மருமகன் இருபது வருடமாக அமெரிக்காவின் அலாஸ்காவில் இருக்கிறார், அந்த நாட்டுக் குடிமகன், பொங்கலுக்கு மாரண்டஹள்ளி வந்திருந்தார். அங்கே ஆற்றுக்குச் சால்மன் மீன் பிடிக்கப் போனால் அதே மீனுக்குப் பழுப்புக் கரடியும் வரும், அதனால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிய தோல் உறையில் .44 மேக்னம் ரிவால்வர் வைத்துக்கொண்டு போகிறாராம். அதற்குத் தோட்டா எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று ஒரு மணி நேரம் பேசச் சொன்னேன். "நம்ம ஊருல அந்த ரிவால்வர் எவன் வெச்சிருக்கான்?" என்று கேட்டவர்களுக்கு: யாரும் வைத்திருக்கவில்லை. கான்பூரில் செய்த .32 ரிவால்வர்கூட நம்மில் இரண்டு பேரிடம்தான் உண்டு. ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்று யோசிக்கிற முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான், அதைத்தான் கேட்க வரச் சொன்னேன்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தவற்றை வராதவர்களுக்காக எழுதுகிறேன். பெயர்தான் 44, குண்டின் குறுக்களவு .429 அங்குலம். எடை கிரெயின் கணக்கு. சாதாரணமாக 240 கிரெயின், அதாவது இரண்டு பவுனுக்கு அரை கிராம் குறைவு. கரடிக்கென்று வாங்குவது 300 கிரெயினும் அதற்கு மேலும், கிட்டத்தட்ட இரண்டரை பவுன் ஈயம். மூக்கில் குழி வைத்த குண்டு உடம்பில் பட்டதும் பூ மாதிரி விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். கரடியின் தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டுமென்றால் விரியாத, தட்டை மூக்கு வைத்த கெட்டி ஈயம் வேண்டும். அங்கே பலர் வீட்டிலேயே வெடிமருந்து அளந்து தோட்டா கெட்டிக்கிறார்கள், இவரும் செய்வார். ஆனால் காட்டுக்கு எடுத்துப் போவது கம்பெனித் தோட்டாதான், ஒன்று போலவே எல்லாம் இருக்கும், சிலவற்றில் ஈரம் புகாமல், அடியில் பொறி தட்டும் ‘கேப்’ மூடியைச் சுற்றி அரக்கும் பூசியிருக்கும் என்றார். ஊத்தங்கரைக்காரர் அந்த இடத்தில் தலையை ஆட்டினார்.

இன்னொன்று நான் கேள்விப்படாதது. டவுன் பஸ் வெடுக்கென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் பின்னால் சாய்வதில்லையா, அது மாதிரி ரிவால்வர் பின்னுக்கு உதைக்கும்போது சிலிண்டரில் மிச்சமுள்ள தோட்டாக்களின் குப்பி, அதாவது மருந்தும் குண்டும் அடைத்த கூடு, பின்னால் வந்துவிடும், குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். இறுக்கம் பத்தாத தோட்டாவாக இருந்தால் நாலைந்து வெடிக்குள் குண்டு முன்னால் துருத்திக்கொண்டு சிலிண்டரைச் சுற்ற விடாமல் தடுத்துவிடும். எடை குறைந்த ரிவால்வரில் கனத்த குண்டு போட்டால் இது இன்னும் மோசம். அதனால் புது டப்பா வாங்கியதும் ஆறு போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை எடுத்து நீளம் அளந்து பார்ப்பாராம். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் தன் துப்பாக்கியில் அளந்து பார்த்த பிறகுதான் நம்பிக்கை. கரடி வந்தால் முதலில் கை போவது மிளகாய் ஸ்பிரேக்குத்தான் என்பதையும் சொன்னார். சுட்டுவிட்டால் தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

முக்கியமானது நீளம். 1907-இல் வந்த .44 ஸ்பெஷல் தோட்டாவில் எல்மர் கீத் என்ற ஐடஹோ பண்ணைக்காரர் வருடக்கணக்கில் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததிலிருந்து பிறந்ததுதான் 1955-இல் வந்த மேக்னம். அதன் குப்பியை வேண்டுமென்றே மூன்று மில்லிமீட்டர் போல நீளமாக்கினார்கள், பழைய ரிவால்வரில் நுழையக் கூடாது என்பதற்காக. ஸ்பெஷல் தோட்டா மேக்னம் ரிவால்வரில் போகும், மேக்னம் தோட்டா ஸ்பெஷல் ரிவால்வரில் போகாது.

இதைக் கேட்டதும் நான் எழுந்து, நம் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியில் கதை தலைகீழ் என்றேன். தோட்டா டப்பாவில் போட்டிருக்கும் 65 அல்லது 70 மில்லிமீட்டர், சுட்டு வாய் விரிந்த பிறகுள்ள நீளம். வாய் மடிந்திருக்கும்போது 70 தோட்டா, 65-க்கான பழைய குழலுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும், தடுக்க எதுவும் கிடையாது. சுடும்போதுதான் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பாலக்கோட்டுப் பெரியவர் தாத்தா காலத்து இரட்டைக்குழலை வீட்டில் போய் எடுத்துப் பார்த்திருக்கிறார், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரண்டரை அங்குலம், அதாவது 65-க்கானது, என்று முத்திரை. அலமாரியில் இருந்த இரண்டு டப்பாவும் 70. மறுநாள் காலை ஆறு மணிக்கே போன் செய்து, "தம்பி, என் கண்ணைக் காப்பாத்தின" என்றார். 3,800 ரூபாய் எங்கே போனது என்று கேட்பவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவரும் இரண்டு வருடச் சந்தா பாக்கி, அது வேறு விஷயம்.

வகுப்புக்கு வந்தவர்கள் பதினொரு பேர். நம் பட்டியலில் இருப்பது அறுபத்து நான்கு. பதினொன்றில் இரண்டு பேர் உறுப்பினரே இல்லை, போண்டா வாசனைக்கு வந்தவர்கள், ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அன்றைக்கு மாட்டுச் சந்தை, வளைகாப்பு, பம்ப்செட் ரிப்பேர். சரி. ஆனால் யாராவது தெரிந்தவர் உரிமப் புதுப்பிப்பு மனுவை எழுதித் தர வேண்டுமென்றால் ராத்திரி பத்து மணிக்கும் என் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது.

கணக்கு: வரவு சந்தாவும் நன்கொடையும், செலவு வாடகை, தபால், பூஜை, மேற்படி வகுப்பு. கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் நோட்டைப் பார்க்கலாம், அவர் ஆர்வமாகக் காட்டுவார். சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். பாக்கி வைத்திருப்பவர்கள் பாதிக்கும் மேல்.

ஹால் கொடுத்தவருக்கும், புரொஜெக்டரைப் பாதி வாடகைக்குத் தந்த தம்பிக்கும், செயற்குழுவுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த வருடம் வனத்துறை அலுவலர் ஒருவரை அழைத்து யானை விரட்டுவது பற்றிப் பேச வைக்க நினைத்திருக்கிறேன். ராகி அறுவடைக்கு முன்பு நடந்தால்தான் பயன். செயலாளர் பொறுப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் எனக்கு வருத்தமில்லை, பீரோ சாவி என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது 300 ரூபாயும், வீட்டில் இருக்கும் தோட்டா டப்பாவின் ஒரு பக்கத்தைக் கிழித்தும் கொண்டு வாருங்கள். நீளம் நான் படித்துச் சொல்கிறேன்.

செயலாளர்