எல்லோரும் முதலிலேயே செத்துவிட்டார்களா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு, அவர் வேண்டாம் என்று முகம் திருப்பினாலும் விடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாள். சின்னவள் அவள் அறையைக் கைப்பற்றிவிட்டாள். இவருக்கு முழங்கால் வலி, மழை வந்தால் கூடும். வேறு புதிதாக ஒன்றுமில்லை.

சரி, இனி நீ நாலு பக்கம் எழுதியிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு வந்த மகனோடு உட்கார்ந்து, விமானம் விழுந்து ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான அமெரிக்கத் தொடர் ‘லாஸ்ட்’டை ஆறு சீசனும் பார்த்து முடித்திருக்கிறாய். நான் எத்தனை வருஷமாக உன்னைப் பார்க்கச் சொன்னேன்! பார்த்துவிட்டு, “கடைசியில் எல்லோரும் விமானம் விழுந்தபோதே செத்துவிட்டார்களாம், இதற்கா இவ்வளவு நாள் உட்கார்ந்தேன்” என்று கொதித்திருக்கிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் முதலிலேயே சாகவில்லை, அதை நீ நம்பவே கூடாது.

உன் மகன் ஆதாரமாகக் காட்டியது எது என்று பார். 2010 மே 23 அன்று கடைசி எபிசோட் ஒளிபரப்பானபோது, பெயர்கள் ஓடும் நேரத்தில், ஆளே இல்லாத கடற்கரையில் விமானத்தின் உடைந்த பாகங்கள் கிடப்பதைக் காட்டினார்கள். அதைச் சேர்த்தது தொடரை ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சி. அவ்வளவு கனமான முடிவுக்குப் பிறகு உடனே செய்திக்குத் தாவாமல், பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கத்தான் அதைப் போட்டோம், கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனமே பிறகு விளக்கம் சொன்னது. ஆனால் அதற்குள் அமெரிக்கா முழுக்க “யாருமே பிழைக்கவில்லை” என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. கடைசிக் காட்சியில், தேவாலயத்தில், கதாநாயகன் ஜாக்கிடம் இறந்துபோன அவன் அப்பா என்ன சொல்கிறார்? உனக்கு நடந்ததெல்லாம் நிஜம், எல்லோரும் ஒருநாள் சாகிறவர்கள்தான், சிலர் உனக்கு முன்னால், சிலர் உனக்கு வெகு காலம் பின்னால் என்கிறார். அந்த வாசலில், முன்பு தீவில் வில்லனாக இருந்த பென்னும் விமானத்தில் வந்த ஹர்லியும் பேசிக்கொள்வதையும் கவனி. ஹர்லி நல்ல தலைவனாக இருந்தான் என்கிறான் பென், பென் நல்ல துணையாக இருந்தான் என்கிறான் ஹர்லி. அப்படியென்றால் ஜாக் இறந்த பிறகு இவர்கள் இருவரும் அந்தத் தீவில் பல காலம் வாழ்ந்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செத்தவர்கள் எப்படி வாழ்ந்து முடிப்பார்கள்? ஆறாவது சீசனில், விமானம் விழாதது போல இடையிடையே காட்டும் அந்த இன்னொரு வாழ்க்கை மட்டும்தான் இறப்புக்குப் பிறகு நடப்பது. தீவில் நடந்தது அத்தனையும் உயிரோடு இருக்கும்போது நடந்ததே.

“எல்லோரும் செத்துவிட்டார்கள்” என்ற ஊகம் 2004 செப்டம்பரில் தொடர் ஆரம்பித்த முதல் சீசனிலேயே கிளம்பிவிட்டது. அது நரகத்துக்கும் சொர்க்கத்துக்கும் நடுவிலுள்ள இடம் என்று கிறிஸ்தவ மரபு தெரிந்தவர்கள் சொன்னார்கள். தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும் அப்போதே இல்லை இல்லை என்று மறுத்தார்கள். எனக்கு அந்த ஊகத்தின் மேல் கோபம் வருவதற்குக் காரணம் அது தப்பு என்பது மட்டுமில்லை. அதை ஏற்றுக்கொண்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. பனிக்கரடி ஏன் வெப்பத் தீவில் இருக்கிறது? செத்தவர்கள் உலகம், அப்படித்தான் இருக்கும். சக்கர நாற்காலியில் இருந்த லாக் எப்படி எழுந்து நடக்கிறார்? அதேதான். எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில். ஒரு ஊகம் நல்லதா கெட்டதா என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: அது என்னைத் திரும்பப் போய்ப் பார்க்க வைக்கிறதா, இல்லை பெட்டியை மூட வைக்கிறதா?

பனிக்கரடியையே எடுத்துக்கொள். முதல் சீசன் தொடக்கத்திலேயே, பிழைத்தவர்களில் ஒருவனான சாயர் ஒன்றைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு, முன்பு தீவில் முகாமிட்டிருந்த தர்மா என்ற அமைப்பின் ஆராய்ச்சிக்காரர்கள் பக்கத்துத் தீவில் வைத்திருந்த கூண்டுகளைப் பார்க்கிறோம், அங்கிருந்து தப்பியது என்று மனசு சமாதானமாகிறது. நாலாவது சீசன் ஆரம்பத்தில் சார்லட் என்ற ஆராய்ச்சியாளர் துனீசியப் பாலைவனத்தில் ஒரு பனிக்கரடி எலும்புக்கூட்டைத் தோண்டி எடுக்கிறாள். கழுத்துப் பட்டையில் தர்மா முத்திரை. பாலைவனத்துக்கு அது எப்படி வந்தது? சில வாரம் கழித்து பென் அதே துனீசிய மணலில், தடித்த குளிர் அங்கியோடு, மூச்சில் ஆவி பறக்கக் கண் விழிக்கிறான். எங்கிருந்து வருகிறான் என்று நமக்குத் தெரியாது. அந்த சீசனின் முடிவில்தான் பூமிக்கு அடியில் உறைந்து கிடக்கும் சக்கரத்தை அவன் தள்ளித் திருப்புவதையும், அது அவனைத் துனீசியாவுக்கு வீசுவதையும் காட்டுகிறார்கள். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார். அந்தக் குளிரில் அந்தச் சக்கரத்தைத் தள்ளுவதற்கு யாரைப் பழக்கினார்கள்? கரடிகளை! கதாபாத்திரம் ஒன்றுகூட வாய் திறந்து இதைச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் தாங்களே கோத்தார்கள். பிறகு டிவிடியில் சேர்த்த பன்னிரண்டு நிமிட பின்கதையில் கரடிகள் ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட விதம் தெளிவாகவே வருகிறது. உன் மகனிடம் டிவிடி இருந்தால் அதைத் தவறவிடாதே.

நீங்கள் இருவரும் ஒரு எபிசோட் முடிந்த கையோடு அடுத்ததை ஓடவிட்டிருக்கிறீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம். நிலத்தில் புதைந்த அந்த இரும்புக் கதவை அவர்கள் வெடிவைத்துத் திறந்தது 2005 மே மாதம். அடுத்த சீசன் வந்தது செப்டம்பரில். அந்த நாலு மாதமும் உள்ளே என்ன இருக்கும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. பாதாள ராணுவ முகாம், வேற்றுக் கிரகக் கலம், தீவில் ஆட்களைக் கொன்று திரியும் அந்தக் கரும்புகை அடைபட்டிருக்கும் சிறை என்று எத்தனை! புகையே நானோ இயந்திரங்களின் கூட்டம் என்று ஒரு கட்சி இருந்தது. கடைசியில் செப்டம்பரில் திரை திறந்தபோது ஒரு மனிதன் காலையில் எழுந்து, பழைய இசைத்தட்டைப் போட்டு, உடற்பயிற்சி செய்து, தட்டு கழுவுகிறான். அந்த எளிமையில் நான் வாயடைத்துப் போனேன். நாலு மாதம் காத்திருந்தவளுக்கு அந்தத் தட்டு கழுவல் தந்த அதிர்ச்சி, ரிமோட்டை அழுத்தி ஒரு நொடியில் கடந்தவளுக்குக் கிடைத்திருக்காது.

அந்த எண்களைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே! 4, 8, 15, 16, 23, 42. கூட்டிப் பார், 108 வரும். அந்த இரும்புக் கதவுக்குக் கீழே இருந்த நிலவறையில் இந்த எண்களைத் தட்டி, பொத்தானை 108 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். நூற்றெட்டு தேங்காய் உடைத்த ஊர்க்காரர்கள் நாம், இதை எப்படி விட்டாய்? ஆராய்ச்சி அமைப்பின் பெயர் தர்மா, அவர்களின் விளக்கப் படத்தில் வரும் விஞ்ஞானி நமஸ்தே சொல்லித்தான் முடிக்கிறார். சயீதாக நடித்த நவீன் ஆண்ட்ரூஸின் பெற்றோர் கேரளத்திலிருந்து லண்டன் போனவர்கள். இதெல்லாம் எனக்கு அந்தத் தொடரை இன்னும் நெருக்கமாக்கியது. ஹர்லி அந்த எண்களை லாட்டரியில் போட்டுச் சாபம் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் மெகா மில்லியன்ஸ் குலுக்கலில் நிஜமாகவே 4, 8, 15 மூன்றும், மெகா எண்ணாக 42-ம் விழுந்தன. தொடரின் பாசத்தில் அந்த எண்களையே போட்டிருந்த ஏராளமானவர்களுக்கு ஆளுக்கு 150 டாலர் கிடைத்தது.

உன் புகார்களில் ஒன்றை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். குகையில் கிடந்த இரண்டு எலும்புக்கூடுகள், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கற்கள். ஆதாம் ஏவாள் என்று பெயர் வைத்தார்களே, அவை. துணி மக்கிய அளவைப் பார்த்து ஜாக் நாற்பது ஐம்பது வருஷம் இருக்கும் என்கிறான். அவன் டாக்டர், நாமும் நம்பினோம். காலத்தில் பின்னால் போய் இறந்த ஜாக்கும் அவன் காதலி கேட்டுமாக இருக்கலாம், இல்லை, கடைசிவரை ஒன்றாக இருக்க நினைத்த ரோஸும் பெர்னார்டுமாக இருக்கலாம் என்று ஊகித்தவர்கள் பலர். அந்த வயதான தம்பதி கைகோத்துக் குகையில் படுத்திருப்பார்கள் என்ற ஊகம் என்னை அழவைத்தது. ஆறாவது சீசனில் சொன்ன பதிலோ, லத்தீன் பேசிய காலத்து ஒரு வளர்ப்புத் தாயும் அவள் மகனும். நாற்பது வருஷம் எங்கே, அந்தக் காலம் எங்கே! இங்கே ரசிகர்களின் ஊகம் எழுதியவர்களின் பதிலைவிட உயரமானது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் “எல்லாம் அன்றன்றைக்கு வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள்” என்று நீ சொல்வதை மறுக்கிறேன். சில விஷயங்கள் அவர்கள் கையை மீறிப் போயின. சிறுவன் வால்ட்டாக நடித்த பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான். கதையிலோ முதல் சீசன் முழுக்க ஒன்றரை மாதம்தான் ஓடுகிறது. அவனைத் தீவைவிட்டு அனுப்பாமல் என்ன செய்வார்கள்? பென்னாக வந்த மைக்கேல் எமர்சனைச் சில எபிசோடுகளுக்கு மட்டும்தான் அழைத்தார்கள், அவர் நடிப்பைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். அவர் இல்லாத ‘லாஸ்ட்’டை உன்னால் யோசிக்க முடிகிறதா? மூன்றாவது சீசன் நடுவில் இழுவையாக இருந்தது உண்மை. எப்போது முடிப்பது என்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2007 மே மாதம் நிறுவனம் 2010-ல் முடித்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்த பிறகு கதை எப்படி நிமிர்ந்தது என்று நீயே கவனித்திருப்பாய்.

அந்த மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடை மட்டும் இன்னொரு முறை பார். தாடியோடு ஜாக் லாஸ் ஏஞ்சலஸில் அழுது திரிகிறான், நாம் பழைய கதை என்று நினைக்கிறோம். கடைசியில் கேட் காரிலிருந்து இறங்கும்போதுதான் இது தீவுக்குப் பிறகு நடப்பது என்று தெரிகிறது. அவன் போகும் இறுதிச்சடங்கு இல்லத்தின் பெயர்ப் பலகை ‘ஹாஃப்ஸ் ட்ராலர்’. அதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘ஃபிளாஷ் ஃபார்வர்டு’ வரும். எதிர்காலக் காட்சி! முகத்துக்கு நேரே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலவறையின் இரும்புத் தடுப்பில் ஊதா ஒளியில் சில வினாடி தெரிந்த வரைபடத்தை நிறுத்தி நிறுத்தி, அதிலிருந்த லத்தீன் வரிவரை படித்தெடுத்தவர்கள் இருந்தார்கள். பார்க்கிறவர்கள் இப்படித் தேடுவார்கள் என்று நம்பி வைத்த வேலை இது.

அந்த நிலவறை மனிதன் டெஸ்மண்ட் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு காதலி பென்னிக்குப் போன் போட்ட எபிசோடைப் பற்றி நீ அரைப் பக்கம் எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். என் கணக்கில் மொத்தத் தொடரிலும் அதுதான் உச்சம். அதில் ஊகிக்க ஒன்றுமில்லை, அவன் குரல் கேட்டதும் அவள் அழுவதைப் பார்த்தால் போதும்.

அப்புறம், உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஐந்தாவது சீசனில் காலம் மாறி மாறித் தாவும்போது சாயர், ஜூலியட், லாக் எல்லோரும் கடற்கரையில் ஒரு படகைக் கண்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே அஜிரா விமான நிறுவனத்தின் தண்ணீர் பாட்டில். இந்திய நிறுவனம் என்று ஜூலியட்தான் சொல்கிறாள். பின்னாலேயே இன்னொரு படகு துரத்திச் சுடுகிறது, ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள், அதற்குள் காலம் தாவிவிடுகிறது. துரத்தியது யார் என்று தொடர் கடைசிவரை காட்டவில்லை. பாட்டிலை வைத்துப் பார்த்தால் அது, பின்னால் ஜாக் முதலானவர்கள் தீவுக்குத் திரும்பி வந்த அஜிரா விமானம் இறங்கிய பிறகான காலம். அந்த விமானத்தில் வந்த இலானாவின் கூட்டம் என்று பலர் சொல்கிறார்கள். அவர்களோடு விமானி லேப்பிடஸ் இருக்கிறான், அவனுக்கு சாயரைத் தெரியும், தெரிந்தவனை ஏன் சுடவிடுவான்? ஆகவே அவர்கள் இல்லை என்பது என் கட்சி. தங்கள் படகைத் திருடிக்கொண்டு போகிறவர்களைத் துரத்திய, நாம் பெயர்கூடக் கேட்காத அஜிரா பயணிகளாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியை உன் மகனோடு இன்னொரு முறை போட்டுப் பார்த்து, நீ யாரைச் சந்தேகப்படுகிறாய், ஏன் என்று எழுது. “எல்லோரும் செத்துவிட்டார்கள்” என்று மட்டும் எழுதாதே.

அம்மாவுக்கு என் வணக்கம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா என்பதையும் அதிலேயே சொல், டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி