கடலுக்குள் எந்தக் கருவி?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பங்குக் கோயில் மண்டபத்தில் சென்ற வாரம் மீனவர்களுக்குச் செல்போன் செயலிப் பயிற்சி நடந்தது. காற்று, அலை, மீன் கிடக்கும் இடம் எல்லாம் இனி விரல் நுனியில் என்றார் பயிற்சி கொடுத்த தம்பி. நல்ல பிள்ளை. அந்த விரல் நுனியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முப்பது வருடமாக ஃபைபர் வள்ளத்தில் போகிறேன். சாளை வலை இழுத்த கையில் செதிலும் கொழுப்பும் உப்புத் தண்ணீருமாக இருக்கும். அந்தக் கையால் தொடுதிரையைத் தள்ளினால் வேண்டாத எதுவோ திறக்கும். இதில் போன் பிளாஸ்டிக் கவருக்குள் வேறு. வள்ளத்தில் வைத்திருக்கும் வயர்லெஸ்ஸில் ஒரே பொத்தான். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.

கரையை விட்டு விலக விலக சிக்னல் தேய்ந்து அற்றுப்போகும். எங்கள் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் நெடுந்தூரம் எட்டாது, கைசெட் என்றால் சில மைல்தான். ஆனால் ஆபத்துக்குக் கூப்பிடும் 16-ஆம் சேனலில் ஒருவன் கத்தினால் சுற்றிக் கிடக்கும் வள்ளங்கள் அத்தனையும் கேட்கும். போனில் என்றால் ஒருவனைத்தான் கூப்பிட முடியும், அவனும் எடுக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது எங்கள் ஆட்கள் பலர் கடலில் கிடந்தார்கள். கரைக்கு வந்த குறுஞ்செய்தி அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மீன் நிறையப் பட்டால் வயர்லெஸ்ஸில் வாயே திறக்கமாட்டோம், ஊரே வந்துவிடும்! அண்ணன் தம்பிக்குள் சொல்லிக்கொள்ளவும், திரும்புகையில் எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்கவும் போன்தான். மீன் அடையும் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கும் இடம் குறிக்க ஜி.பி.எஸ். ஒருநாள் அது பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்து அப்பா சொல்லித் தந்த கணியம்தான் கைகொடுத்தது. (மகனுக்கு அதை நான் சொல்லித் தரவில்லை.)

மானியத்தில் கருவி கொடுக்க வருகிறவர்கள் எது புது மாடல் என்றே பேசுகிறார்கள். எத்தனை பாக ஆழத்தில் வலை விடுகிறாய், தங்கல் போவாயா, அன்றே திரும்புவாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தூத்தூர்க்காரருக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக வேண்டும். எனக்கு அது தேவையில்லை. விடியுமுன் ஒருமுறை, மதியம் ஒருமுறை காற்று எச்சரிக்கையை வயர்லெஸ்ஸிலும் படித்தால் போதும். கோயில் மைக்கில் சொல்வது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் கேட்கிறது.

- ஒரு வள்ளக்காரர், கன்னியாகுமரி மாவட்டம்